பெயரில் மட்டும் மரம்

கோல்ஃப் விளையாட்டில் 'ஃபேர்வே வுட்' என்று ஒரு மட்டை இருக்கிறது. வுட் என்றால் மரம். இன்று கடையில் கிடைக்கும் ஃபேர்வே வுட்டில் ஒரு சிராய்கூட மரம் கிடையாது. தலை எஃகு அல்லது டைட்டானியம், தண்டு கார்பன் இழை, கைப்பிடி ரப்பர். மரம் போய் நாற்பது வருஷம் ஆகப்போகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் கம்போங் ராஜா பக்கம் காடே இல்லாத இடத்துக்கும் பழைய மரத்தின் பெயர் இருக்கும். அந்த மாதிரிதான் இதுவும்.

கோல்ஃப் கற்றுக்கொள்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், எந்த மட்டை ரொம்பப் படுத்துகிறது என்று. பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். இதை அடிக்கக் கற்றுக்கொள்ளும்போது அதன் வரலாற்றையும் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அந்த வரலாற்றின் பாதி நம் வீட்டுப் பக்கமே நடந்திருப்பது தெரிந்தது. மலாயாக் காட்டு மரத்தின் பிசின், தோட்டத்துப் பால்மரம், கங்காணி கூட்டிவந்த ஆட்கள், பை தூக்கிய பையன்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். கோல்ஃப் வரலாற்றுப் புத்தகங்களில் பொருட்களுக்கு இடம் இருக்கிறது, ஆட்களுக்கு இல்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற முயற்சி.

இது ஏன் கஷ்டம்?

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கே 'டீ' என்ற சின்ன முளையின்மேல் பந்தை வைத்து முதல் அடி அடிக்கலாம். பிறகு பந்து விழுகிற இடத்திலிருந்து, தரையில் கிடக்கிறபடியே அடிக்க வேண்டும். நடுவில் வெட்டிச் சமன்படுத்திய புல்வெளிதான் ஃபேர்வே. குழி இன்னும் 200 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, பந்து புல்லில் கிடக்கிறது, முளை இல்லை. அப்போது எடுக்கும் மட்டைதான் ஃபேர்வே வுட்.

மூன்றாம் எண் வுட்டின் முகம் சுமார் 15 பாகை மட்டுமே சாய்ந்திருக்கும். தண்டின் நீளம் கிட்டத்தட்ட 43 அங்குலம். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். நீளமான தண்டின் முனையில், கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, தரையில் ஒட்டிக் கிடக்கும் சின்னப் பந்தை மேலே எழுப்ப வேண்டும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கு நேரம். பிழை திருத்த நேரம் கிடையாது.

கண்ணுக்கு 15 பாகை போதாது என்றே தோன்றும். 'இது எழும்பாது, நாமதான் தூக்கிவிடணும்' என்று மூளை சொல்லும். உடம்பு பின்னால் சாயும், கை சுரண்டும். மட்டை பந்துக்கு முன்னால் தரையைக் கொத்தும், இல்லையென்றால் பந்தின் உச்சந்தலையைத் தட்டி உருட்டிவிடும். சரியான செயல் இதற்கு நேர் எதிர். நன்றாக ஆடுபவர்களின் மட்டை ஃபேர்வே வுட்டில் 2, 3 பாகை கீழ்நோக்கி இறங்கித்தான் பந்தைத் தொடுகிறது. எடையின் மையம் மட்டைத்தலையின் அடியிலும் பின்னாலும் இருப்பதால் பந்து தானே எழுகிறது. தூக்குகிற வேலையை மட்டையைச் செய்தவர் ஏற்கெனவே முடித்துவிட்டார். அடிப்பவர் அதை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

மட்டை இந்த வடிவத்துக்கு வந்ததற்குக் காரணம் பந்து. பந்து மாறியபோதெல்லாம் மட்டையும் மாறியது. பந்து மாறியது நம்ம ஊர் மரங்களால்.

விஷ்ணு சிலையும் கெத்தாவும்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கோல்ஃப் பந்து என்றால் தோல் உறைக்குள் இறகு திணித்துத் தைத்தது. கைவினைஞர் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒருசில பந்துகள்தான் தேறும். விலை அதிகம். மழையில் நனைந்தால் கெட்டுவிடும். ஸ்காட்லாந்தில் மழைக்கா பஞ்சம்? ஆக, பணக்காரர்கள் மட்டுமே தாராளமாக ஆடிய விளையாட்டு.

1840-களில் சிங்கப்பூரிலிருந்து ஒரு புதுப் பொருள் லண்டனுக்குப் போனது. மலாய்க்காரர்கள் கத்திப்பிடிக்கும் கோடரிப்பிடிக்கும் பயன்படுத்திவந்த ஒரு மரப்பால். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கெட்டியாகும். மலாயில் கெத்தா பெர்ச்சா. கெத்தா என்றால் பால் அல்லது பிசின். ரப்பர்ப் பாலையும் மலாய்க்காரர்கள் இன்றுவரை கெத்தா என்றுதான் சொல்கிறார்கள். மரத்தின் பெயர் தாபான். சிங்கப்பூரில் வேலைபார்த்த வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் இதன் மாதிரிகளை அனுப்பியவர்களில் ஒருவர்.

1848 வாக்கில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சேர்ந்த ராபர்ட் பேட்டர்சன் இந்தப் பிசினை உருட்டிப் பந்து செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. அதற்கு ஒரு கதையும் உண்டு: அவர் வீட்டுக்குக் கிழக்கிலிருந்து ஒரு விஷ்ணு சிலை வந்ததாம், உடையாமல் இருக்கச் சுற்றிலும் கெத்தா பெர்ச்சா துண்டுகளை அடைத்து அனுப்பியிருந்தார்களாம், அந்தத் துண்டுகளிலிருந்துதான் முதல் பந்து வந்ததாம். கதை எவ்வளவு நிஜமோ, நம் பக்கத்துச் சாமி ஒருவர் கோல்ஃப் வரலாற்றுக்குள் பொட்டலமாகப் போய் இறங்கியிருக்கிறார்.

புதுப் பந்தின் விலை பல மடங்கு குறைவு. உடைந்தால் மறுபடி இளக்கி உருட்டலாம். இறகுப் பந்து செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சனுக்கு இதைக் கண்டாலே ஆகாது. அவரிடம் வேலைபார்த்த டாம் மாரிஸ் கெத்தா பந்தில் ஆடினார் என்பதற்காக இருவரும் பிரிந்தார்கள். புது உருண்டை வழவழப்பாக இருந்தபோது ஒழுங்காகப் பறக்கவில்லை. அடிபட்டுக் கீறல் விழுந்த பிறகு நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்தவர்கள் வேண்டுமென்றே சுத்தியலால் தழும்பு போட்டார்கள். அந்தத் தழும்புகளின் வாரிசுதான் இன்றைய பந்தின் குழிகள். குழிப்பந்து வடிவத்தை இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் 1905-இல் பதிந்தார்.

மட்டைக்கு என்ன ஆனது? இறகுப் பந்துக்கான மட்டைத்தலை நீண்டு மெலிந்து, மூக்குபோல் இருக்கும். கெத்தா பந்து கல்லு மாதிரி. மெல்லிய மூக்குகள் பிளந்தன. அதனால் தலை குட்டையாகி, தடித்து, ஆழமானது. இன்றைய ஃபேர்வே வுட்டின் உருண்டையான உடம்பு அங்கேதான் தொடங்குகிறது. தரையிலிருந்து அடிக்கும் மட்டைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. அடியில் பித்தளைத் தகடு பதித்தது 'பிராசி'. முகம் சற்றுக் குழிந்து சாய்ந்தது 'ஸ்பூன்', அதாவது கரண்டி. இன்னும் சாய்ந்தது 'பாஃபி'. பிற்காலத்தில் இவைதான் இரண்டு, மூன்று, நான்காம் எண் வுட்கள் ஆயின.

இந்தப் பக்கத்தில் தாபான் மரங்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பர் மரம்போல நின்ற மரத்தில் கோடு கிழித்துத் தினமும் பால் எடுக்கும் வழக்கம் தாபானுக்கு இல்லை. மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி எடுத்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைப்பதோ சொற்பம். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மின்காப்பாக இந்தப் பிசின் டன் டன்னாகத் தேவைப்பட்டது. கோல்ஃப் அதில் சின்னப் பங்குதான். சில பத்தாண்டுகளில் சிங்கப்பூரிலும் தீபகற்பத்தின் பல பகுதிகளிலும் பெரிய தாபான் மரங்கள் அருகிப்போயின. காட்டுக்குள் போய் வெட்டியவர்கள் மலாய்க்காரர்களும் பழங்குடி மக்களும். அவர்களில் யார் பெயரும் எந்த கோல்ஃப் அருங்காட்சியகத்திலும் இல்லை.

பால்மரம் வந்த பிறகு

1898-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குட்ரிச் ரப்பர் ஆலையோடு தொடர்பு வைத்து கோபர்ன் ஹாஸ்கல் என்பவர் புதுப் பந்து ஒன்றை யோசித்தார். ரப்பர் நூலை இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றி, மேலே கெத்தா உறை போட்டார். அடுத்த வருஷம் காப்புரிமை. 1902 பிரிட்டிஷ் ஓப்பனில் இந்தப் பந்தை வைத்து சாண்டி ஹெர்ட் வென்றதும் பழைய பந்தின் காலம் முடிந்தது. ரப்பர் பந்து துள்ளியது, தூரம் போனது. சுமாராக ஆடுபவர்களுக்கும் கை அதிராமல் அடிக்க முடிந்தது.

மட்டை மறுபடி மாறியது. பீச், ஆப்பிள் மரங்களுக்குப் பதில் இன்னும் கடினமான பெர்சிமன் மரம் வந்தது. அமெரிக்கப் பெர்சிமன், தாவரவியலில் டயோஸ்பைரஸ் என்ற பேரினம். நம்ம கருங்காலியும் பனிச்சையும் அதே பேரினம். கருங்காலியின் அமெரிக்கப் பங்காளி ஒருவர் எழுபது எண்பது வருஷம் கோல்ஃப் ஆடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தண்டு ஹிக்கரி மரம். எஃகுத் தண்டை அமெரிக்காவில் 1924-இலும் பிரிட்டனில் 1929-இலும் அனுமதித்தார்கள். தலை மட்டும் 1979-இல் டெய்லர்மேட் நிறுவனம் எஃகு வுட்டைக் கொண்டுவரும்வரை மரமாகவே நீடித்தது. 1993-இல் பெர்ன்ஹார்ட் லாங்கர் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றபோது அவர் பையில் பெர்சிமன் டிரைவர் இருந்தது. பெரிய பட்டங்களில் மரத்தலையின் கடைசி வெற்றி அதுதான் என்பார்கள்.

ஹாஸ்கல் பந்து பிறந்தபோது ரப்பர் காட்டிலிருந்து வந்தது, பிரேசிலிலிருந்தும் காங்கோவிலிருந்தும். அடுத்த பதினைந்து வருஷத்தில் நிலைமை தலைகீழ். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ஒருசில கன்றுகள், மரத்தைக் கொல்லாமல் பால்வெட்டும் முறையை ரிட்லி சீர்செய்தது, மோட்டார் வண்டிச் சக்கரத்தின் பசி எல்லாம் சேர்ந்து, முதல் உலகப்போர் தொடங்கும்போது தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. தோட்டம் என்றால் ஆள். ஆள் என்றால் தமிழர். 1907-இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்பாடு வந்தது. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை நின்றது. கங்காணி முறை 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை தொடர்ந்தது. 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், பெரும்பான்மை தமிழர்கள்.

டன்லப் நிறுவனத்துக்கு மலாயாவில் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற கோல்ஃப் பந்து 'டன்லப் 65'. 1934 பிரிட்டிஷ் ஓப்பனில் ஹென்றி காட்டன் ஒரு சுற்றை 65 அடிகளில் முடித்ததன் நினைவாக அந்தப் பெயர். அந்த 65 எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையில் ஓடி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்ற எண்ணை எந்தப் பந்துக்கும் சூட்டவில்லை.

1935: இரண்டு மலைகள்

ஃபேர்வே வுட்டின் வரலாற்றில் ஒரே ஒரு அடியைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சொல்வது 1935 ஏப்ரல் 7, அகஸ்டா, பதினைந்தாம் குழி. ஜீன் சாரசன் மூன்று அடிகள் பின்தங்கி இருந்தார். குழிக்கு 235 கஜம். நான்காம் எண் வுட்டை எடுத்து அடித்தார். பந்து குழிக்குள்ளேயே போய் விழுந்தது. ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய குழி இரண்டே அடியில் முடிந்தது. ஒரே அடியில் மூன்று அடிப் பின்னடைவும் தீர்ந்தது. மறுநாள் நடந்த 36 குழிப் போட்டியில் கிரெக் வுட்டை வென்றார். தோற்றவர் பெயரும் வுட். வரலாற்றுக்குச் சில நேரம் நக்கல் ஜாஸ்தி.

சாரசன் யார்? இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தச்சரின் மகன். சின்ன வயதிலேயே கேடியாக, அதாவது அடுத்தவர் பையைத் தூக்கி நடக்கும் பையனாக, கோல்ஃப் மைதானத்துக்குள் வந்தவர். அன்று அவருடைய பையைத் தூக்கியவர் ஒரு கறுப்பினத்தவர். எல்லோரும் அழைத்தது 'ஸ்டவ்பைப்' என்ற பட்டப்பெயரால். அகஸ்டாவில் 1983 வரை மாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள் அந்த மைதானத்தின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்கள். தோட்டத்துப் பேரேடுகளில் கிராணி எழுதிவைத்த நம்ம ஆட்களின் பெயர்களைப் பார்த்தவர்களுக்கு, பட்டப்பெயரோடு நின்றுபோகும் வாழ்க்கை புதிதாக இருக்காது.

அதே 1930-களில்தான் கேமரன் மலையின் கோல்ஃப் மைதானமும் உருவானது. வில்லியம் கேமரன் இந்தப் பீடபூமியைக் குறித்தது 1885-இல். நாற்பது வருஷம் கழித்து, 1925-இல், ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதை மலைவாழிடமாக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தார். 1929-இல் ரசல் குடும்பத்தின் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. சாலைக்குப் பின்னால் பங்களாக்கள், விடுதிகள், கோல்ஃப்.

இது காலனியத்தின் வழக்கமான வரிசை. கல்கத்தாவில் 1829-இலேயே கோல்ஃப் கிளப். நுவரெலியாவில் 1889. கொடைக்கானலில் 1895. குளிரும் தேயிலையும் வெள்ளைக்காரத் துரையும் சேர்ந்த இடமெல்லாம் ஒரு கிளப் முளைத்தது. நுவரெலியாவிலும் இங்கேயும் சுற்றியிருந்த மலைச்சரிவில் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். கேமரன் மலையின் மைதானம் பிரிஞ்சாங்குக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவே, சாலையோரப் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கிறது. கம்போங் ராஜாவிலிருந்து திரிங்காப், கீ ஃபார்ம் தாண்டிப் பேருந்தில் வந்தால் ஜன்னலுக்கு வெளியே திடீரென்று பச்சை விரியும். புளூ வேலி தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு கோல்ஃப் என்பது அந்த ஜன்னல் காட்சி மட்டும்தான்.

1942: ஒரே செய்தி, இரண்டு புத்தகம்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பர் ஜப்பானியர் கைக்குப் போனது. அமெரிக்கா கோல்ஃப் பந்துத் தயாரிப்பை நிறுத்தியது. இருக்கிற ரப்பர் போருக்கே போதாது. கோல்ஃப் வரலாற்றுப் புத்தகங்களில் இது ஒரு சின்ன அத்தியாயம். பழைய பந்துகளைச் சேகரித்ததும் புது உறை போட்டு ஆடியதும் சுவையாக எழுதப்பட்டிருக்கும். இந்தத் தட்டுப்பாட்டில்தான் செயற்கை ரப்பர் தொழில் பெரிதாக வளர்ந்தது. இன்றைய பந்தின் உள்ளே இருப்பது பாலிபியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பர்.

அதே வீழ்ச்சி நம் புத்தகத்தில் வேறு மாதிரி. ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை நின்றது, அரிசி இல்லை. வேலையில்லாத தோட்டத்து ஆட்களை ஜப்பானியர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிச் சென்றார்கள். 1942, 43-இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தார்கள். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் வரிசையாகப் பெயர் பொறித்து நிற்கின்றன. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் கல்லறையே இல்லை.

பந்து கிடைக்காமல் போனதும் ஆள் திரும்பி வராமல் போனதும் ஒரே நிகழ்வின் விளைவுகள். ஒரு புத்தகத்தை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பந்தைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, விளையாடுபவரையும்தான். ஆனால் இரண்டு புத்தகத்தையும் படிக்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நாம். தோட்டத்து வரலாறும் தெரிந்து, மட்டையும் கையில் பிடிக்கிற தலைமுறை இப்போதுதான் வந்திருக்கிறது.

பை தூக்கியவர்கள்

கோல்ஃபை உழைக்கும் மக்களிடம் கொண்டுபோனது கிளப் அல்ல, கேடி வேலை. கூலிக்குப் பை தூக்கிய பையன்கள் பார்த்துப் பார்த்தே கற்றார்கள். பயிற்சியாளர் இல்லை. ஒருவர் தூக்கிப்போட்ட உடைந்த மட்டை, ஒரு குச்சி, தொலைந்துபோன பந்து. அதுதான் கல்லூரி.

டர்பன் நகரத்து இந்தியரான பப்வா செவ்கோலம் அப்படி வந்தவர். பீச்வுட் கிளப்பில் கேடி. கைகளை எல்லோரையும்போல் அல்லாமல் மாற்றிப் பிடிப்பார்: வலது கை மேலே, இடது கை கீழே. எந்தப் பாடப்புத்தகமும் ஏற்காத பிடி. அந்தப் பிடியோடு 1959-இல் டச்சு ஓப்பன் வென்றார். பிறகு 1960, 1964-இலும். 1963-இல் டர்பனில் நடால் ஓப்பனை வென்றபோது வெள்ளையருக்கு மட்டுமான கிளப் கட்டடத்துக்குள் அவரால் நுழைய முடியவில்லை. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. 1965-இல் அதே போட்டியில் கேரி பிளேயரை முந்தி மறுபடி வென்றார். பிறகு நிறவெறி அரசு அவரைப் போட்டிகளுக்கு வெளியே தள்ளியது.

பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-இல் இந்திய ஓப்பனை வென்றார். மலேசியாவில் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகி உலகக் கோப்பையில் நாட்டின் பெயரைத் தாங்கினார்கள். இலங்கையின் என். தங்கராஜா இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் பட்டம் வென்றவர். பணக்கார விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவைத்த ஒன்றின் முடிவுப் பட்டியல்களில் இந்தப் பெயர்கள் இத்தனை வருஷமாக இருக்கின்றன. தமிழில் இவர்களைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?

கற்றுக்கொள்வது எப்படி?

வரலாறு போதும், மட்டைக்கு வருவோம். மூன்றாம் எண் வுட்டில் தொடங்காமல், ஐந்து அல்லது ஏழாம் எண்ணில் தொடங்கலாம். 18 முதல் 21 பாகைச் சாய்வு, குட்டையான தண்டு, பந்து லேசாக எழும்பும். முதலில் பந்தே வேண்டாம். மட்டையை வீசிப் புல்லை உரசிப் பழகுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் ஒரே இடத்தில் உரசல் விழுந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு பந்தைத் தரையோடு ஒட்டிய முளையில் வைத்து அடியுங்கள். கடைசியில் முளையை எடுத்துவிடுங்கள். பந்து இடது குதிகாலுக்குச் சற்று உள்ளே இருக்கட்டும். அடித்து முடிக்கும்போது எடை முன்காலில் வந்து நிற்க வேண்டும். பந்து சேற்றிலோ நீளப்புல்லிலோ கிடந்தால் இந்த மட்டையை எடுக்கவே வேண்டாம். கேமரன் மலையில் மதியத்துக்குமேல் மழை வழக்கம், ஈரத் தரை மட்டையைப் பிடித்துக்கொள்ளும். எதை எடுக்கக் கூடாது என்று தெரிவதும் இந்த மட்டையில் தேர்ச்சிதான்.

மலைக்கு என்று தனிக் கணக்கும் உண்டு. மைதானம் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் 84 விழுக்காடு அளவில் இருக்கும். குளிரால் காற்று கொஞ்சம் அடர்கிறது: கீழே 30 பாகை, மேலே 20 பாகை என்று வைத்தால் 303-ஐ 293-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். ஆக அடர்த்தி கீழே இருப்பதில் 87 விழுக்காடு. எட்டில் ஒரு பங்கு காற்று குறைவு. இழுவை குறைகிறது, பந்து கூடுதல் தூரம் போகிறது. ஆனால் சுழலும் பந்தை மேலே தாங்குவதும் காற்றுதான். அந்தத் தாங்கலும் குறைகிறது. அதனால் தாழ்வாகப் போகும் மூன்றாம் எண் வுட்டைவிட, உயர எழும் ஐந்தாம், ஏழாம் எண்கள் மலையில் நம்பகமானவை. இந்தக் கணக்கைச் சூத்திரம் இல்லாமலே அந்தக் காலக் கேடிகள் செய்திருப்பார்கள். 'மேலே ஒரு மட்டை கம்மி எடுங்க துரை' என்று சொல்வதற்கு வாயு விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்த அறிவுதான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. பல மைதானங்களில் கேடிகளின் இடத்தில் பேட்டரி வண்டி ஓடுகிறது. எந்தக் குழியில் காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த வெள்ளைக்காரர் எவ்வளவு கூலி கொடுத்தார், லயத்துக்குப் பின்னால் எந்தக் கிளையை மட்டையாக்கி ஆடினார்கள் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. தேயிலைத் தோட்டங்களிலும் ஆள் மாறிவிட்டது; கொழுந்து வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம்ம பெரியவர்கள் நகரத்துப் பிள்ளைகள் வீட்டு ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் உங்கள் குடும்பத்தில் தோட்டத்திலோ மலையிலோ கிளப்பிலோ வேலைபார்த்த ஒருவர் இருந்தால், தயவுசெய்து கைப்பேசியில் பதிவு பட்டனை அமுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பால்வெட்டு பற்றிக் கேட்போம், சயாம் பற்றிக் கேட்போம், நல்லது. கூடவே, "தாத்தா, கோல்ப் கிளப்புல பை தூக்கியிருக்கீங்களா? யாரும் பாக்காதப்ப அடிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றும் கேளுங்கள். கஷ்டத்தை மட்டுமே கேட்டுக் கேட்டு, அவர்கள் திருட்டுத்தனமாக விளையாடிய சந்தோஷத்தைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அதுவும் வரலாறுதான். பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், அப்பா பெயரோடு, தோட்டத்தின் பெயரோடு.